அரைத் தலைக்கு மூன்று செல்கள்

பா சிலேஷேயின் மண்டையைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோட்டை வந்தடைந்தபோது, முடிவெட்டும் இயந்திரம் இருமுறை முனகிவிட்டு அடங்கிப்போயிற்று.

"ஏன் தம்பி நிறுத்திட்டே?"

"நான் நிறுத்தலை ஐயா. அதுவா நின்னுடுச்சு," என்றான் முடிதிருத்துநன் கசோண்டே.

சுரங்க நகரான கிட்வேயின் சிம்வெம்வே குடியிருப்பில் பெரியவர் பா சிலேஷேயை அறியாதவர் இலர். அன்றோ அவர் தம் அக்காள் மகனுக்குப் பெண் கேட்கச் செல்லும் தூதராகவும் இருந்தார். பெண் கேட்கும்போது வைப்பதற்காக வெள்ளைத் துணியில் கட்டப்பட்ட இரண்டு தட்டுகள் அவர் மடியில் வீற்றிருந்தன. பன்னிரண்டு மணிக்குப் பெண்வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றி நிற்க வேண்டும்.

"மணி பத்தரை ஆச்சு. ரெண்டு வீட்டுல ஏற்கெனவே இந்தப் பையனை வேண்டாம்னுட்டாங்க. மூணாவது வீட்டுக்கு நான் இப்படிப் போய் நின்னா, கோளாறு பையனுக்கு மட்டும் இல்லை, குடும்பத்துக்கேன்னு முடிவு கட்டிடுவாங்க. அதோ, அந்த வயர் மெஷின் சும்மாதானே தொங்குது?"

"அது கரண்டுல ஓடுறது ஐயா." கசோண்டே கண்ணாடியருகில் ஒட்டியிருந்த மின்வெட்டு அட்டவணையைச் சுட்டினான். "நாம மூணாம் பிரிவு. காலையில ஆறுலேர்ந்து மத்தியானம் ரெண்டு வரைக்கும் கிடையாது."

அட்டவணையுடன் வாதிடுவதில் பயனில்லை என்பதை அவ்வூரில் குழந்தையும் அறியும். பா சிலேஷேயும் வாதிடவில்லை.

கசோண்டே இயந்திரத்தின் அடிமூடியைத் திருகி, கட்டைவிரல் பருமனுள்ள பேட்டரி செல்லை வெளியே எடுத்தான். அதன்மீது 9900 என்னும் கொள்ளளவு எண் தங்க நிறத்தில் மின்னியது.

"போன வாரம்தான் சந்தையில வாங்கினேன். இருந்ததுலயே பெரிய நம்பர்."

பா சிலேஷே சுரங்கத்தின் விளக்கறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர். தலை பாதியாயினும் அறிவு முழுமையாகவே இருந்தது. அவர் செல்லை உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார்.

"தம்பி, இந்த அளவு செல்லுல என்னதான் திணிச்சாலும் மூவாயிரத்தைந்நூறு சொச்சம்தான் தேறும். ஒன்பதாயிரம்னு போட்டிருந்தா, அதை எழுதினவன் அச்சடிக்கத் தெரிஞ்சவன், அவ்வளவுதான். நல்ல செல் கையில கனக்கும். இது வெறும் மாவு."

"மாவா?"

"மாவோ மண்ணோ. பிரிச்சுப் பார்த்துக் களி கிண்டிடாதே."

பின்னர் அவர் தம் பையைத் திறந்து, பெண்ணின் தந்தைக்குப் பரிசாக வாங்கியிருந்த புதிய டார்ச்சை மனமில்லாமல் வெளியே எடுத்தார்.

"இதுல இருக்கிறது அசல் செல். வேலை முடிஞ்சதும் திருப்பிப் போட்டுடணும்."

அசல் செல்லை உள்ளே இட்டபோது மூடி சாத்த மறுத்தது. செல் சற்றே நீண்டிருந்தது.

"அடியில காப்புச் சில்லு ஒட்டியிருப்பாங்க," என்று விளக்கினார் பா சிலேஷே. "ஷார்ட் ஆனா தானா நிறுத்திடும். அதனாலதான் கொஞ்சம் நீளம். அழுத்தாதே..."

கசோண்டே அதற்குள் சீப்பின் கைப்பிடியால் அழுத்திவிட்டிருந்தான். காப்புச் சில்லு நொறுங்கிற்று. இயந்திரத்தின் சுருள்கம்பியும் தட்டையாயிற்று. டார்ச்சில் மீண்டும் இட்டுப் பார்த்தார்கள், அது எரியவில்லை.

"பரிசும் போச்சா?"

"நீங்கதானே ஐயா அசல்னு சொன்னீங்க."

"அசலைச் சீப்பால குத்துன்னு சொன்னேனா?"

கசோண்டே இழுப்பறையைத் துழாவி மூன்றாவது செல்லைக் கண்டெடுத்தான். அது பழைய மடிக்கணினி ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கனமாகத்தான் இருந்தது; எனினும் தலை தட்டையாகையால் நசுங்கிய கம்பிக்கு எட்டவில்லை. அவன் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளை உருட்டி இடைவெளியில் செருகினான்.

"வேண்டாம் தம்பி. அதுல காப்புச் சில்லும் கிடையாது. தாள் ஓரத்துல பட்டா அடுப்பாயிடும்."

"ஓடுது பாருங்க ஐயா," என்றான் கசோண்டே பெருமிதத்துடன்.

உண்மையிலேயே ஓடியது. பதினொரு விநாடிகள் ஓடியது. அதன்பின் புகைந்தது. "ஐயோ" என்று அலறிய கசோண்டே இயந்திரத்தை வாசலிலிருந்த மணல்வாளியில் எறிந்தான். அது சீறிச் சீறிப் பின் ஓய்ந்தது. அவன் பெருவிரல் கொப்புளித்தது. பா சிலேஷேயின் தலையிலோ இடப்பக்கம் வெட்டவெளி, வலப்பக்கம் அடர்காடு, அக்காட்டை ஊடறுத்துக் காதுவரை செல்லும் ஒரு நெடுஞ்சாலை.

"இனி பிளேடுதான்," என்றான் கசோண்டே தாழ்ந்த குரலில்.

"முழு மொட்டை அடிச்சா சாவு வீட்டுக்கு வந்தவன்னு நினைப்பாங்கடா."

"இப்படியே போனா?"

பா சிலேஷே கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். "சரி, அடி," என்றார்.

சுட்டுப்போன வலக்கைக்கு ஓய்வளித்து, இடக்கையால் மழித்தான் கசோண்டே. முதற்கீறல் விழுந்தபோது, "மன்னிச்சிடுங்க" என்றான். நான்காவது கீறலுக்குப்பின் பா சிலேஷே கண்ணாடியைப் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டார். வேலை முடிந்தபோது மணி பதினொன்று நாற்பது. மொட்டைத் தலையிலிருந்து நான்கு சிவப்புக் கோடுகள் வெண்ணிறக் கழுத்துப்பட்டியை நோக்கிப் பயணம் செய்தன.

முன்பு கேட்ட அலறல் என்னவென்று அறிய, பக்கத்துக் குளிர்பானக் கடைக்காரி பானா முவாபே எட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் திரும்பி ஓடினாள். ஒரு துணியில் பனிக்கட்டிகளை முடிந்துகொண்டு வந்து, பாதியைப் பெரியவர் தலையிலும் மீதியைக் கசோண்டேயின் விரலிலும் வைத்து அழுத்தினாள்.

"என்ன தம்பி, முடி வெட்டினியா, ஆடு உரிச்சியா?"

குளிர்ச்சி மண்டைக்குள் இறங்க, பா சிலேஷே முதன்முறையாகக் கண்களை மூடினார். பிறகு மெல்லத் திறந்தார். விளக்கறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிய அறிவு, காலந்தாழ்த்தி விழித்துக்கொண்டது.

"இந்த மின்வெட்டுல உனக்கு ஐஸ் எங்கேம்மா கிடைச்சுது?"

"என்ன மின்வெட்டு ஐயா? இன்னைக்குக் கரண்டு போகவே இல்லையே. காலையில இந்தத் தம்பிதான், அட்டவணையில ஆறு மணின்னு போட்டிருக்குன்னு சொல்லிட்டு, தன் கடை வாசல்ல இருக்கிற மெயின் ஸ்விட்சைத் தன் கையாலயே அணைச்சிட்டு உள்ளே போச்சு."