உன் அக்கா பறித்துக்கொண்ட மாத்திரைகள்

சிவகாசி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மைத்துனன் பாலகுருவுக்கு அத்தான் சங்கரபாண்டியன் எழுதுவது. சென்னையில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா பொன்னுத்தங்கமும் மகனும் மருமகள் கீர்த்திகாவும் சுகமே. சுகமாக இருந்துகொண்டு மூவரும் எனக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள். உடனே புறப்பட்டு வந்து நியாயம் கேள்.

பிரஸ்ஸில் காகிதம் வெட்டும் கட்டிங் மெஷின் முன்னால் நின்று நின்று என் முதுகு போனது உனக்குத் தெரியும். உள்ளூர் எலும்பு டாக்டர் ஒரு மாத்திரை தந்தார். போதாமல் விருதுநகரில் நரம்பு டாக்டரிடம் போனேன். முதல் டாக்டரைப் பற்றிச் சொன்னால் கோபிப்பார் என்று மறைத்துவிட்டேன். அவர் இரண்டு தந்தார். நாரணாபுரம் ரோட்டு மெடிக்கல் கடைக்காரர் தன் பங்குக்கு ஒன்று. யாரையும் முழுதாக நம்பக்கூடாது என்பதால் மூவர் தந்ததையும் சேர்த்தே விழுங்கிவந்தேன். அப்புறம் தீபாவளி சீசன் பட்டாசு லேபிள் ஆர்டர் நெருக்கடியில் நம் பிரஸ்ஸில் நின்றபடியே தூங்கி, லேபிள் கட்டுகள் மேல் சரிந்தேன். மெஷின் பக்கம் சரிந்திருந்தால் என்று மகன் வெளிறிப்போனான். அன்றிலிருந்து வீட்டில் ஒரே குசுகுசு. தலையணை உறைக்குள் வைத்திருந்த மாத்திரைகளைக் காணோம். கேட்டால் உன் அக்கா, “ஏங்க, சோத்தவிட மாத்திரையில்ல நெறையத் திங்கீக!” என்று கத்துகிறாள். என்னை முடக்கிவிட்டு பிரஸ்ஸை எழுதி வாங்கத் திட்டம், வேறென்ன?

காணாமல் போன மறுநாள் அந்த மாத்திரைகளைப் பையிலும் என்னைக் காரிலும் போட்டு ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள். அவர் எல்லாவற்றையும் மேஜையில் கொட்டிப் பார்த்தார்.

“ஐயா, இந்த மூணும் ஒரே வகை வலி மாத்திரை. கம்பெனியும் பேரும்தான் வேற. சேத்துப் போட்டா வயிறும் கிட்னியும்தான் போகும். இந்த நாலாவது நரம்புக்கு. தூக்கம் இதால வந்தது. கூட்டுறதோ குறைக்கிறதோ எங்களக் கேட்டுத்தான்.”

பிறகு சட்டென்று, “மலம் கறுப்பாப் போகுதா?” என்றார்.

மாப்பிள்ளை, அதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை! கக்கூஸ் வரைக்கும் வேவு பார்த்திருக்கிறார்கள் பார்!

அன்றே ஆஸ்பத்திரிப் படுக்கையில் போட்டுவிட்டார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு, வயிற்றில் புண், ரத்தக் கசிவு என்று ஒரு படத்தைக் காட்டினார்கள். அது வேறு யார் வயிறோ. அச்சுத் தொழிலில் நரைத்தவனுக்கு, ஒரே படத்தை எல்லோருக்கும் ஓட்டுவது தெரியாதா? ரத்தம் ஏற்றினார்கள். கண் விழித்தால் உன் அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். எதுக்கு இம்புட்டு அழுகை? அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது வீட்டில் டாக்டரம்மா எழுதியதை மட்டும் கீர்த்திகா என் கையில் தந்து, நான் விழுங்கும்வரை முகத்தையே பார்க்கிறாள். கொஞ்சம் உடற்பயிற்சி. வலி குறைந்திருக்கிறது. அத்தனை மாத்திரைக்கு அடங்காத வலி இதற்கு அடங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

உன் வீட்டில் சோறும் சிரிப்பும் என்றும் நிறைந்திருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
காவலில் இருக்கும் அத்தான்,
சங்கரபாண்டியன்

பி.கு.: நீ வர வேண்டாம். மூட்டுக்கு நல்லது, நானும் இதைத்தான் போடுகிறேன் என்று நீ கூரியரில் அனுப்பிய பச்சை மாத்திரை அலமாரியில் கிடைத்தது. நானாகவே கீர்த்திகாவிடம் காட்டினேன். “மாமா, இதுவும் அதே வலி மாத்திரை வகைதான். சென்னை மாமா நெஞ்சுக்கு ரத்தம் ஒறையாத மாத்திரை போடுதாகல்ல? இதையுமா சேத்துப் போடுதாக?” என்றாள். உடனே உன் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பச்சையைத் தொடாதே. நெஞ்சு மாத்திரையை நீயாக நிறுத்தவும் செய்யாதே. இன்றைக்கே உன் டாக்டரைப் பார். கடிதம் வந்து சேரும்வரை பொறுக்க முடியாமல் உன் அக்கா இப்போதே உனக்குப் போன் போடுகிறாள். அவள் சொல்வதை அப்படியே நம்பு.