தாத்தாவின் மாலை இறங்க மறுத்த கதை

உயிரோடிருந்த மாமனாரின் படத்துக்கு, அவர் கண்ணெதிரிலேயே, ஊரே பார்க்க மாலை போட்டவன் நான். (இன்றும் அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறேன்.)

அப்போது வலைப்பக்கம் செய்யும் வேலைக்குப் போய் நாலு மாதம். ஒருவர் படம் வைக்கும் ஒரே ஒரு அட்டையை எழுதி லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சுழற்சியில் விட்டால், பட்டியலில் எத்தனை பேரோ அத்தனை அட்டை தானாக வரும் என்று கற்றிருந்தேன். குறைகுடம் கூத்தாடாமல் இருக்குமா? என் நிச்சயதார்த்தத்துக்கே பெண் வீட்டாரின் படங்களை அப்படிச் செய்தேன். அட்டையைத் தொட்டால் படத்துக்கு மாலை விழும். பட்டியலில் முதலில் இருந்த, பெண்ணின் காலமான தாத்தாவுக்காக அந்த ஏற்பாடு.

மலைமேல் கரியாலூரில் ஒரு விடுதிக் கூடம். பகல் பதினொரு மணிக்கே மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்திருந்தது. படங்களைத் திரையில் காட்ட விளக்கை வேறு அணைத்திருந்தோம். தாத்தாவுக்கு மாலை விழுந்ததும் அத்தை, அதாவது பெண்ணின் அம்மா, கிட்டே வந்தார்.

“நல்ல காரியத்துல செத்தவங்க படம் இன்னாத்துக்குங்க மாப்ள? எடுத்துடுங்க.”

எடுத்தேன். தாத்தா போனார், மாலை போகவில்லை. முதல் இடத்துக்கு நகர்ந்து வந்த மாமா, அதாவது பெண்ணின் அப்பா, கழுத்தில் தொங்கியது.

பதறிப்போய் மாமா அட்டையையும் நீக்கினேன். மாலை அத்தைக்கு வந்தது. அத்தையையும் நீக்கினேன்.

“அடுத்து யாரு?” என்றது இருட்டில் ஒரு குரல்.

அடுத்து மாலை விழுந்தது மணப்பெண் செல்விக்கு. தாத்தா போக மாட்டேன் என்கிறாரோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மாமா கழுத்தைத் தடவிக்கொண்டே எழுந்தார். “சகுனம் செரியில்ல. தட்டு மாத்த வாணாம்.”

அவ்வளவுதான், கல்யாணம் போச்சு என்று நான் நின்றபோது செல்வி மடிக்கணினியிடம் வந்தாள். அவளுக்கும் இதே வேலை.

“ஒவ்வொரு அட்டைக்கும் அடையாளமா இன்னா குட்த்தீங்க?”

“வரிசை எண்.”

அவள் சிரித்துவிட்டாள். “அப்பா, இவரு மாலைய ஆளுக்குப் போடல, மொத நாற்காலிக்குப் போட்டுட்டாரு. யாரு வந்து குந்தினாலும் விழும்.”

ஆளுக்கு ஒரு தனி அடையாளம் கொடுத்து, எல்லாரையும் திரும்ப வரவழைத்து, தாத்தாவுக்கு மாலை போட்டு நீக்கிக் காட்டினாள். தாத்தா மாலையோடு போனார்.

“அப்ப எனுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?” என்றார் மாமா.

“ஆவாதுப்பா.”

தட்டு மாறியது.

ஆறு வருஷமாயிற்று, மாமா கல்லு மாதிரி இருக்கிறார். ஆனால் குடும்பப் படம் எடுக்க நின்றால் முதல் இடத்துக்கு இன்றும் ஒருவரும் வருவதில்லை.

“மாப்ள, மொத எடம் ஒங்களுக்குதாங்க!” என்று மாமா என்னைத் தள்ளிவிடுவார்.

எல்லாப் படத்திலும் ஓரத்தில் சிரித்தபடி நிற்பவன் நான்தான். படம் எடுத்து முடித்ததும் கழுத்தை மட்டும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வேன்.