செங்கடல் வரை போன ஜெபம்

சபையில் என்னைத் தாழ்மையானவன் என்பார்கள். உண்மையில் அதில் முக்கால்வாசி பயம். மீதியுள்ள கால்வாசி தைரியத்தை ஒருமுறை வெளியே எடுத்ததில் மானம் போனதுதான் மிச்சம்.

கல்யாணமான புதிது. நானும் என் மனைவி ஜெயராணியும், சபை மூப்பர்கள் இருவரும் செண்பகனூரிலிருந்து கிளாவரைக்கு ஊழியத்துக்குப் போனோம். "தாழ்மையும் வேணும், தைரியமும் வேணும்" என்று போதகர் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். (வாலிப முறுக்கு, வேறென்ன!)

ஊருக்குள் நுழைந்ததுமே ஒரு வீட்டு வாசலில் கூட்டம். பாண்டியம்மாள் என்ற பெண்ணுக்குக் குடல்வால் வலி. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் நின்றது. புருஷன் பூண்டு லோடோடு மதுரைக்குப் போயிருந்தார். துணைக்கு ஆளில்லை. எங்களைப் பார்த்ததும் அவள் கை கூப்பினாள்.

"ஆபரேசன்னா பயமாக் கெடக்குங்க. உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

முதலில் தாழ்மை வந்தது. "ஐயா, நீங்க ஜெபிங்க" என்றேன். "நான் எம்மாத்திரம் தம்பி? அண்ணாச்சி ஜெபிக்கட்டும்" என்றார் ஒரு மூப்பர். "சின்னவங்க ஜெபிச்சாத்தான் அழகு" என்று அண்ணாச்சியான இன்னொரு மூப்பர் என்னிடமே திருப்பிவிட்டார். பந்தியில் கடைசி வடையைத் தள்ளிவிடுவதுபோல ஜெபம் எங்களுக்குள் சுற்றியது.

"வெரசா சொல்லுங்கய்யா, மழ வருது!" என்று டிரைவர் கத்தினார்.

சரி, இனி தைரியம்தான் என்று ஓர் உருளைக்கிழங்கு மூட்டைமேல் ஏறினேன். கண்ணை மூடி, கைகளை விரித்து, உலகப் படைப்பிலிருந்து ஆரம்பித்தேன். நோவாவைக் கடந்து செங்கடலைப் பிளக்கும்போது ஏதோ உறுமல் கேட்டது. சாத்தானின் தடை என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் எதிரே ஓர் ஆடு நின்றது. ஜீப்பைக் காணோம். என் மனைவியையும் காணோம்.

"உங்க வீட்டம்மா அந்தப் புள்ள கையப் பிடிச்சு, 'இயேசப்பா, இவ பயத்த எடுத்துப் போடுங்க, நானும் கூடப் போறேன்'னு சொல்லி ஜீப்புல ஏறிட்டாங்க" என்றார் அண்ணாச்சி.

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"ஜெபத்த நடுவுல நிறுத்தலாமா தம்பி?"

முன்பின் தெரியாத கூட்டத்தின் நடுவே கூச்சமில்லாமல் ஜெபித்த ஜெயராணிதான், புருஷன் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் பாண்டியம்மாளுக்கு வாந்தி துடைத்து, சேலை அலசிப் போட்டிருக்கிறாள். நான் திட்டம் போட்டுப் போன இரண்டும் அவளுக்கு யோசிக்காமலே வந்தன. அவளை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. (கொஞ்சம் பொறாமையாகவும்.)

பாண்டியம்மாள் பிழைத்துவிட்டாள். பூண்டு எடுக்கும்போதெல்லாம் ஜெயராணிக்கு ஒரு பை கொண்டுவருவாள். "அண்ணே, அன்னைக்கி ஆரம்பிச்ச ஜெபம் முடிஞ்சிருச்சா?" என்று என்னைக் கேட்காமல் போகமாட்டாள்.

வீட்டில் நான் சாப்பாட்டு ஜெபம் பண்ணும்போது எங்கள் மகள் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறாள். அதட்டினால் பதில் தயாராக இருக்கும்:

"அம்மா இருக்காங்களான்னு பாத்துக்கிறேன்ப்பா."