போர்த்துக்கலுக்குப் போகும் வழியில் ஓர் அரங்கேற்றம்

அன்று எங்களுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. வீட்டு வாசலில் நின்ற வானை எடுத்து இரண்டு தெரு தள்ளி விடவேண்டும்.

ஐந்து நிமிட வேலை.

என்ன வான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, ஜன்னல்களுக்குத் திரை எல்லாம் வைத்த பழைய வான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நானும் மனைவி மலரும் ஒவ்வொரு கோடையிலும் அதில் ஏறித் தெற்கே போய்விடுவோம். போர்த்துக்கலின் தென்கரையில் ஓர் ஆங்கிலத் தம்பதிக்கு வீடு இருந்தது. வெயில் கூடியதும் அவர்கள் மகளிடம் போய்விடுவார்கள். நாலு கிழமை நாங்கள் அந்த வீட்டில் இருந்து, இரண்டு பூனைகளுக்குச் சாப்பாடு வைத்து, எலுமிச்சை மரங்களுக்குத் தண்ணீர் விடவேண்டும். வாடகை இல்லை. கடல் பத்து நிமிட நடை.

கப்பல் ஞாயிறு பின்னேரம், ப்ளிமத் துறைமுகத்திலிருந்து. ப்ளிமத் லண்டனுக்கு மேற்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம்!

சூலம் என்றால், அந்த நாளில் அந்தத் திசைக்குப் பயணம் தொடங்கக்கூடாது. நான் இதையெல்லாம் நம்புகிறவன் அல்லன். நம்பாமலே கடைப்பிடிக்கிறவன்.

"அப்ப சனிக்கிழமை வெளிக்கிடுவம்," என்றாள் மலர். "பத்தரைக்கு ராகுகாலம் முடியுது. பத்தே முக்கால் நல்ல நேரம்."

"சனிக்கிழமை எப்பிடி? நடேசண்ணை ஞாயிறு காலமைதானே வருவார்?"

நடேசண்ணை இல்ஃபோர்ட்டில் இருந்தார். நாங்கள் போர்த்துக்கலில் ஊரார் வீட்டைப் பார்க்க, அவர் வெம்பிளியில் எங்கள் வீட்டைப் பார்ப்பார். சனிக்கிழமை அவருக்கு ஷிப்ட். அவர் கையில் சாவியைக் கொடுக்காமல் நாங்கள் லண்டனை விட்டு நகர ஏலாது.

ஊரில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நல்ல நேரத்தில் பயணப் பையை அயல்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் தொடங்கியதாகிவிடும். பிறகு ஆறுதலாகப் போகலாம். ஆனால் எங்கள் அயல்வீட்டு ஆங்கிலேயரிடம் ஒரு பையை நீட்டி, "இது எங்களுக்கு முன்னமே போர்த்துக்கலுக்குப் போகிறது" என்று எப்படிச் சொல்வது?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எனக்குத்தான் வந்தது. மலர்மேல் ஒரு பிழையும் இல்லை.

"பை என்னத்துக்கு? வானையே கொண்டுபோய் வைப்பம்!"

"அப்ப நாங்கள்?"

"நாங்களும் வானுக்குள்ளயே இருப்பம். வெளிக்கிட்டவை திரும்பி வீட்டுக்குள்ள கால் வைக்கக்கூடாது. ஒரு நாள்தானே? நடேசண்ணைக்குத் திறப்பை வாசல்ல வைச்சுக் குடுப்பம்."

மலர் கேட்டாள்: "மங்கை அக்கா கண்டா?"

மங்கை அக்கா மலரின் பெரியம்மா மகள். அதே சனிக்கிழமை பின்னேரம் அவருடைய மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். போன வருடம் நாங்கள் போன அரங்கேற்றம் ஐந்து மணித்தியாலம் நடந்தது. அதில் ஒன்பது பேர் பேசினார்கள். ஆகவே இந்த முறை நான் போனிலேயே முந்திக்கொண்டேன்.

"அக்கா, சனிக்கிழமை காலமையே வெளிக்கிடுறம். பின்னேரம் நாங்கள் நடுக்கடல்ல நிப்பம்."

இதில் முதல் வசனம் முழு உண்மை. கடல் மட்டும்தான் பொய்.

அக்கா விடவில்லை. "பிறத்தியாற்ற பூனையைப் பாக்க நேரம் இருக்கு. சொந்தப் பிள்ளை ஆடுறதைப் பாக்க நேரம் இல்லை. நல்லது தம்பி, நல்லது!"

வீடு குடிபூரலுக்கு வராத கூடப்பிறந்த தம்பியோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தவர் அவர். நாங்கள் வெம்பிளியில் நிற்பதைக் கண்டாரென்றால், மலருக்கு அக்கா என்று ஒருவர் இல்லை. ஆகவே ஒருவர் கண்ணிலும் படக்கூடாது.

"வானுக்குத் திரை இருக்கு," என்றேன். "ஆர் காணப்போயினம்?"

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு, ஒரு செக்கன்கூடப் பிசகாமல், வானை எடுத்தேன். பத்து நாற்பத்தொன்பதுக்கு நிறுத்தினேன். அமைதியான தெரு. ஒரு மூலையில் பள்ளிக்கூடம்; அதுவும் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

கடலுக்கென்று வாங்கிய கட்டைக் காற்சட்டையையும், அன்னாசிப்பழம் அச்சடித்த சேட்டையும் போட்டுக்கொண்டேன். பயணம் தொடங்கிவிட்டதல்லவா!

மத்தியானம் கட்டுச்சோறு சாப்பிட்டோம். காட்ஸ் விளையாடினோம். மலர் என்னை நாலு முறை தோற்கடித்தாள்.

மூன்று மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. ஒருவர் மிருதங்கத்தோடு இறங்கினார்.

"இஞ்சருங்கோ," என்றாள் மலர், திரை இடுக்கால் பார்த்தபடி. "எங்கட ஆக்கள் போல கிடக்கு."

"வெம்பிளியில எங்கட ஆக்கள் இல்லாத தெரு எது? சும்மா இரும்."

மூன்றேகாலுக்கு இன்னொரு கார். அதிலிருந்து ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்று இறங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்குள் போனவர் மங்கை அக்காவின் கணவர் குணம் அண்ணை!

மலர் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அரங்கேற்றம் எந்த மண்டபத்திலை?"

அழைப்பிதழை நான் மூன்று முறை வாசித்தவன். நாளைப் பார்த்தேன், நேரத்தைப் பார்த்தேன், எழுத்துப்பிழை இரண்டைக்கூடக் கண்டுபிடித்தேன். இடத்தைப் பார்க்கவில்லை. போகாதவனுக்கு இடம் எதற்கு?

"எடுங்கோ வானை!"

சாரதி ஆசனத்துக்குத் தாவினேன். முன்னால் ஒரு கார் ஒட்டி நின்றது. பின்னால் ஒரு கார் ஒட்டி நின்றது. நான் வான் சாவியைத் தேடி எடுப்பதற்குள், பக்கவாட்டில் சாப்பாட்டு வான் வந்து நின்று வடைத் தட்டுகளை இறக்கத் தொடங்கியது.

"படுங்கோ!" என்றாள் மலர்.

படுத்தோம். வானின் தரை ஒன்றரை ஆளுக்குத்தான் காணும். என் முழங்கால் தொட்டிக்குக் கீழே. மலரின் தலை அரிசிப் பைமேல். வெளியே கொலுசுச் சத்தம், பட்டுச்சேலைச் சரசரப்பு, "எங்கையப்பா பார்க் பண்ணினியள்?" என்ற கேள்விகள். எல்லாக் குரலும் தெரிந்த குரல்!

"இந்த வான் மலர் வீட்டு வான் மாதிரியெல்லோ கிடக்கு?" என்றது ஒரு குரல்.

"அவை இப்ப நடுக்கடல்ல நிப்பினம்," என்றது மற்றது. "பூனை பாக்கப் போட்டினமாம்."

இரண்டும் சிரித்தன. மலர் என் காதைத் திருகினாள். கத்தக்கூட முடியவில்லை.

எல்லாரும் உள்ளே போனபின் எழும்பலாம் என்று இருந்தோம். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் தப்பியிருப்போம். ஆனால் மூன்று மணிக்கு முன், தேத்தண்ணிக்காக அடுப்பில் கேத்தலை வைத்திருந்தேன். மெல்லிய நெருப்பில் வைத்திருந்தேன். அது விசிலடிக்கும் கேத்தல்.

அது விசிலடித்தது!

ரயில் வருவதுபோல் அடித்தது. நான் கையை நீட்டினேன், எட்டவில்லை. மலர் காலை நீட்டினாள், அரிசிப் பை அவிழ்ந்து கொட்டியதே தவிர விசில் நிற்கவில்லை. எழும்பி அடுப்பை அணைத்த நேரத்தில் கதவில் தட்டுக் கேட்டது.

"ஆரப்பா உள்ளுக்கை? காஸ் ஏதும் லீக்கோ?" குணம் அண்ணையின் குரல்.

கதவைத் திறந்தேன். குணம் அண்ணை நின்றார். அவருக்குப் பின்னால் வடைத் தட்டோடு இருவர். அவர்களுக்குப் பின்னால், காஞ்சிபுரச் சேலையில், மங்கை அக்கா.

அக்கா என் அன்னாசிச் சேட்டைப் பார்த்தார். தலைமயிரில் அரிசி ஒட்டியிருந்த மலரைப் பார்த்தார்.

இனி உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. "அக்கா," என்று தொடங்கினேன். "என்னெண்டா, ஞாயிற்றுக்கிழமை மேற்கே…"

"கதைக்காதை தம்பி!" அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு விளங்குது. பிள்ளையின்ர அரங்கேற்றத்துக்காகப் பயணத்தையே விட்டுப்போட்டு வந்திட்டியள்! எல்லாருக்கும் முதல் வந்து நிக்கிறியள்! இதைச் சொல்லாமல் ஒளிச்சு வேறை இருக்கிறியளே!"

மலரைக் கட்டிப்பிடித்து அழுதார். மலரும் அழுதாள். அது எந்த வகை அழுகை என்று எனக்கு மட்டும் தெரியும்.

"அப்ப அந்தப் பூனைகள்?" என்று கேட்டார் குணம் அண்ணை.

"அதுகளை வேறை ஆக்கள் பாப்பினம்," என்றாள் மலர். என்னைவிட வேகமாகச் சொன்னாள்!

உடுப்பு மாற்றக்கூட அக்கா விடவில்லை. "வந்த கோலத்தோட வந்ததுதான் பெருமை," என்று எங்களை முன்வரிசையில் பிரதம விருந்தினருக்குப் பக்கத்தில் இருத்தினார். பிள்ளை வடிவாக ஆடினாள், அதை நான் மனதாரச் சொல்லுவேன். இடையில் ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் வந்தது: "எங்கட குடும்பத்தில ரெண்டு பேர் இண்டைக்குக் கப்பலையே விட்டிட்டு வந்திருக்கினம்!"

மண்டபம் கைதட்டியது. மேடைக்கு ஏற்றினார்கள். கட்டைக் காற்சட்டைக்கும் அன்னாசிப்பழங்களுக்கும் மேலே பொன்னாடை போர்த்தினார்கள். வீடியோக்காரர் கிட்டே வந்து எடுத்தார். "ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ," என்றார்கள். கலைக்காக எதையும் விடலாம் என்று சொன்னேன். திரும்பவும் கைதட்டினார்கள்.

"நாளைக்கு மத்தியானம் எங்கட வீட்டில சாப்பாடு," என்றார் அக்கா, நாங்கள் கும்பிட்டு விடைபெறும்போது.

"வயித்துக்குச் சரியில்லையக்கா," என்றாள் மலர்.

ஞாயிறு விடிய, சாவியை நடேசண்ணையிடம் கொடுத்து, ஆர் போனில் கேட்டாலும் ஒன்றும் விளக்கவேண்டாம் என்று சொன்னோம். அவர் பொய் சொல்லாத மனிதர். நாலு கிழமையில் அக்கா ஆறு தரம் போனில் கூப்பிட்டாராம். ஆறு தரமும் நடேசண்ணை, "அவை இப்ப வீட்டில இல்லை" என்று உண்மையையே சொன்னார்.

அந்த வருடம் போர்த்துக்கல் மிக அழகாக இருந்தது. ஒருவருக்கும் ஒரு போஸ்ட்காட்கூடப் போட முடியவில்லை.