நிலாவுக்குக் கிளம்பிய முந்திரிப்பருப்பு

பி.ஏ. படித்தவனைப் பெண் பார்க்கக் கூட்டிப் போனால் முதலில் வாயைக் கட்ட வேண்டும். 1930களில் (அப்போது பிசிக்ஸுக்கும் பி.ஏ. பட்டம்தான்) என்னைக் கூட்டிப்போன தாய்மாமா கையை மட்டும் கட்டினார். "ஏலே, ஸ்ரீவில்லிபுத்தூர்ல கை நனைச்சிராத. ஒரு வாய் தின்னாலும் சம்மதம்னு ஆயிரும். சோழபுரத்துல இன்னொரு பொண்ணு பாக்கணும்" என்று ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

பெண் கிரேஸ், பள்ளிக்கூடத்து டீச்சர். பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. (அவளுக்கும் என்னைப் பிடிக்க வேண்டுமே என்ற பதற்றம்தான் கெடுத்தது.) அவள் அப்பா சும்மா இருக்காமல், "பிசிக்ஸ் படிச்சிருக்கீகளாமே. பூமிக்கு நடுவுல போய் நின்னா எப்படித் தம்பி இருக்கும்?" என்று கேட்டுத் தொலைத்தார்.

தட்டிலிருந்த லட்டை எடுத்தேன். அதுதான் பூமி. விரலால் குடைந்து, நடுவில் ஒரு முந்திரிப்பருப்பை வைத்தேன்.

"சுத்தியுள்ள லட்டு எல்லாப் பக்கமும் சமமா இழுக்கும். அதனால முந்திரிக்கு எடையே இருக்காது. பொறவு இழுக்க மிச்சம் இருக்கது நிலா மட்டுந்தான். முந்திரி நிலாவப் பாத்துக் கெளம்பிரும்."

கதவோரம் நின்றவள் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசக் கூடாதாம். "அப்பா, நிலா முந்திரிய மட்டுமா இழுக்கும், லட்ட இழுக்காதான்னு கேளுங்க."

"கேக்கா, தம்பி."

"லட்டு பெருசு. அசையாது" என்றேன்.

"பெருசோ சிறுசோ, ரெண்டும் ஒண்ணுபோல நிலாப் பக்கம் விழும்ப்பா. சேந்தே போனா, முந்திரி லட்டுக்கு நடுவுலயேதான இருக்கும்?"

அவள் சொன்னது சரி என்று அந்த நொடியே தெரிந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அதற்குள் அவள் அப்பா, "எங்க, அந்த முந்திரியக் காட்டுங்க" என்று எழுந்து வந்துவிட்டார். வேறு வழி தெரியாமல் பூமியையும் முந்திரியையும் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"மாப்பிள்ள கை நனைச்சிட்டாரு" என்று பெண்ணின் அம்மா ஜெபத்துக்கு முக்காடு போட்டார்.

"அவன் பாடம்லா நடத்துதான்" என்று மாமா கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

பெண்ணிடம் சம்மதம் கேட்டார்கள். இவ்வளவு உளறியவனை எவள் கட்டிக்கொள்வாள்?

"சம்மதம்ப்பா" என்றாள். "ஆனா அவிய, வீட்டுல பாடம் நடத்தப்படாதுன்னு சொல்லிருங்க."

அந்தச் சட்டம் இன்றுவரை அமலில் இருக்கிறது. பிள்ளைகள் சந்தேகம் என்றால் என்னைத் தாண்டி அடுப்படிக்குத்தான் போவார்கள். கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் முழு லட்டு. எனக்கு மட்டும் உதிர்த்து, முந்திரியை எடுத்துவிட்டுத்தான் தருவார்கள்.