மாமனார் வீட்டு கேட்டும் என் கிராபிக்ஸ் டிரைவரும்

நான் லேப்டாப்பில் லினக்ஸ் பயன்படுத்துகிறவன். நீங்கள் கேட்கவில்லைதான். லினக்ஸ்காரர்கள் கேட்காமலேயே சொல்லிவிடுவார்கள், அது எங்கள் வழக்கம். எங்களுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. லேப்டாப் ஒழுங்காக ஓடினால் கை அரிக்கும். எதையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். அது படுத்துவிட்டால் நாள் முழுக்கப் போராடி எழுப்பி, "பாத்தியா, சரி பண்ணிட்டேன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டும். (கெடுத்தது யார் என்று கேட்கக்கூடாது. அது மரியாதை இல்லை.)

இந்த வியாதியால் என் கல்யாணமே நடக்காமல் போயிருக்கும்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, வீடு, கடை, அலமாரி எல்லாம் கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் போட்டுத் தருவது என் தொழில். ரேவதியும் நானும் கல்லூரியிலிருந்து பழக்கம். எங்கள் வீட்டில் சரி என்றுவிட்டார்கள். அவள் அப்பா ஒருவர்தான் பாக்கி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், திருவொற்றியூரில் சொந்த வீடு. என் குடும்பம், குணம் எதிலும் அவருக்குக் குறை இல்லை. என் வேலை என்னவென்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"கப்பல்லேர்ந்து பொட்டிய எறக்குனா, பொட்டி தரைல கீது. நான் பாக்குறேன், நீ பாக்குற. இந்தப் பையன் நாள்பூரா வூட்ல குந்திகினு இன்னா பண்றான்? கரண்டு போச்சின்னா ஒண்ணியும் இல்ல" என்று ரேவதியிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்கு ரேவதி ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர்கள் வீட்டு இரும்பு கேட் கடல் காற்றில் துருப்பிடித்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. புதுசு போடவேண்டும். "கேட்டை நீ டிசைன் பண்ணிக் காட்டு. அப்பாவுக்குப் புடிச்சா அதையே செஞ்சிடலாம். உன் வேலை இரும்பா அவர் கண் முன்னால நிக்கும். அப்புறம் கல்யாணத்தைப் பத்தி நான் பேசிக்கிறேன்" என்றாள். அதாவது, கேட் பிடித்தால் பெண் உண்டு.

நான் உயிரைக் கொடுத்து வரைந்தேன். இரண்டு கதவு, நேர்நேராகக் கம்பிகள், நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் தாமரை. யாரும் குறை சொல்ல முடியாத கேட். (யாருக்கும் நினைவிலும் நிற்காத கேட் என்பது பிறகுதான் உறைத்தது.) அதை ஒரு படமாக எடுத்து போனில் போட்டுக்கொண்டு போயிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அவர் கண் முன்னால் கேட்டைச் சுழற்றி, திறந்து மூடி, அசத்த ஆசை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிளம்புவதற்கு முன் ஒத்திகை பார்த்தேன். கேட் அழகாகச் சுழன்றது. ஒரே ஒரு இடத்தில் லேசாகத் திக்கியதோ என்று ஒரு சந்தேகம். அவ்வளவு போதாதா? டிரைவர் பட்டியலைத் திறந்தேன்.

டிரைவர் என்பது, கிராபிக்ஸ் கார்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்தும் மென்பொருள். அது ஒழுங்காகப் பேசினால்தான் திரையில் படம் ஒழுங்காக வரும். என் லேப்டாப் பழையது, அதன் கார்டு இன்னும் பழையது. பட்டியலில் தன்னார்வலர்கள் எழுதிய இலவச டிரைவர் ஒன்று இருந்தது. கார்டு செய்த கம்பெனியே தரும் டிரைவர்கள் சில இருந்தன. அதில் நான் பயன்படுத்திக்கொண்டிருந்ததற்குப் பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படுவது' என்று போட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்று, 'சோதனைக்கு மட்டும்' என்ற எச்சரிக்கையோடு. அதன் எண்தான் எல்லாவற்றிலும் பெரியது. பெரிய எண் என்றால் நல்ல டிரைவராகத்தானே இருக்கும் என்று அதை அமுக்கினேன். இன்ஜினியரிங் படித்தவன் நான்.

மறுபடி ஆன் செய்தபோது திரை கறுப்பாக இருந்தது. மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்மினுக்கென்று மினுக்கியது. பழைய கார்டுக்கும் புது டிரைவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

போனில் தேடினேன். முன்பின் தெரியாத ஒரு மகான், கம்பெனி டிரைவர்களை அடியோடு துடைத்துவிட்டு ஆன் செய், திரை வந்துவிடும் என்று எழுதியிருந்தார். கறுப்புத் திரையில் கட்டளைகளை ஒவ்வொரு எழுத்தாக அடித்துத் துடைத்தேன். திரை வந்துவிட்டது. இப்போது ஓடுவது அந்த இலவச டிரைவர் என்பது தெரியும். பழையபடி பரிந்துரைத்ததைப் போட நேரமில்லை. ரேவதி போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். திரைதான் வந்துவிட்டதே என்று லேப்டாப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரயிலைப் பிடித்தேன். கேட்டைத் திறந்து பார்க்கவில்லை.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ரேவதியின் அப்பா எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார். அவள் அம்மா பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றார். ரேவதி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணைக் காட்டினாள். நான் படத்தைத் திறந்தேன்.

என் நேர்நேரான கம்பிகள் எல்லாம் கீழ் மூலையில் ஓர் இடத்தில் கூடி, அங்கிருந்து விசிறி மாதிரி விரிந்து, திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. தாமரை இழுபட்டு, வளைந்து வளைந்து பட்டையாகக் கிடந்தது. தாழ்ப்பாள் கேட்டை விட்டு வெளியே வந்து அந்தரத்தில் தொங்கியது. சுழற்றினால் சரியாகுமோ என்று சுழற்றினேன். இன்னும் இரண்டு கம்பி விரிந்தது.

"மாமா, இது தப்பா வந்திருக்கு. கிராபிக்ஸ் கோளாறு. நான் போட்டது இது இல்ல" என்றேன். வார்த்தை உளறலாகத்தான் வந்தது.

அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். விரிந்த கம்பி ஒன்றின் மேல் விரலை ஓட்டினார்.

"காத்தால கிரேன் மேல ஏறி குந்துனா இப்டித்தான் இருக்கும்" என்றார் மெதுவாக. "கீழ அலை. அந்தாண்ட சூரியன். வெளிச்சம் இப்டியே பிச்சிகினு வரும். இத்தினி வருசம் பாத்தேன், ஒருத்தராண்டயும் சொன்னதில்ல. உனக்கு எப்டிப்பா தெரிஞ்சிது?"

"இல்ல மாமா, மெய்யாலுமே கோளாறு..."

"புள்ள கூச்சப்படுது" என்றார் மனைவியிடம்.

"தாப்பா வெளிய தொங்குதே" என்றார் அத்தை.

"அதெல்லாம் பட்டறை பாய் பாத்துப்பாரு. ரேவதி, இத்த ஒரு போட்டோ புடி."

வீட்டுக்கு வந்த முதல் வேலையாகப் பழைய டிரைவரைப் போட்டு, சரியான கேட்டைப் படமாக எடுத்து ரேவதிக்கு அனுப்பினேன். அவள் அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். "இது சாதா கேட்டு. தெருவுல எல்லார் வூட்லயும் கீது. எனக்கு அந்த கேட்டுதான் வோணும். அத்த போட்டவனுக்குத்தான் பொண்ணு" என்றுவிட்டார். ரேவதி போனில் அடிக்குரலில், "நீ எதையும் சரி பண்ணாத. தயவுசெஞ்சு சரி பண்ணாத" என்றாள்.

இரும்பு வேலைக்குச் சாத்தாங்காட்டில் பட்டறை வைத்திருக்கும் பஷீர் பாயைப் பிடித்திருந்தார்கள். போட்டோவைப் பார்த்துவிட்டு அவர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, இந்தக் கம்பிங்கோ எங்க போயி முடியுது?"

எனக்கும் தெரியாது. "அளவு அனுப்புறேன் பாய்" என்றேன். அளவெடுக்க வேண்டுமானால் அந்தக் கோளாறு மறுபடி வரவேண்டும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டிரைவரைக் கழற்றி, ஒழுங்காக ஓடாத அந்த இலவச டிரைவரை மெனக்கெட்டுப் போட்டேன். (என் வியாதிக்கு முதன்முதலாக ஒரு காரணம் கிடைத்தது.) கேட் இப்போது வேறு மாதிரி உடைந்தது. மூடித் திறந்தால் இன்னொரு மாதிரி. மாமா பார்த்த சூரியன் திரும்ப வரவே இல்லை. கடைசியில் ரேவதி பிடித்த போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோளாறைக் கம்பி கம்பியாக என் கையாலேயே வரைந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் வரைந்ததில்லை.

பஷீர் பாய் அப்படியே அடித்துக் கொடுத்தார். கேட்டும் நின்றது, கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை அழைப்பன்று அந்தக் கேட்டுக்குள் நுழையும்போது மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சூரியக் கதிர் என் மாலையைப் பிடித்துக்கொண்டது. நான் உள்ளே போனேன், பாதி மாலை வெளியே நின்றது.

கல்யாணம் முடிந்து உறவெல்லாம் கலைந்தபிறகு மனசு கேட்கவில்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டிரைவர் கதையை முதலிலிருந்து மாமாவுக்குப் பொறுமையாகச் சொன்னேன். ரேவதி கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் முழுசாகக் கேட்டார். என் தாமரையைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போய் கேட்டையும் ஒரு தபா பார்த்துவிட்டு வந்தார்.

"அப்போ உன்ன வுட கோளாறு நல்லா வரையுது" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய் டீ குடித்தார்.

அன்றிலிருந்து நான் எதை உருப்படியாகச் செய்தாலும் அந்த வீட்டில் ஒரே கேள்விதான். ஒருநாள் மீன் குழம்பு வைத்தேன். அத்தை ருசி பார்த்துவிட்டு, "நீ வச்சியா, கோளாறா?" என்றார். எனக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தபோது என் மனைவியே கேட்டாள்.

போன வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிக்கொண்டு வந்து மாமாவின் கையில் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, நெற்றி, மூக்கு, விரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஷோக்கா கீதுப்பா" என்றார். "நீ ஒண்ணியும் சரி பண்ணிடாத."