நின்றால் கொதிக்கும் கார்

ரேடியேட்டர் மூடியின் மேல் பதித்திருந்த சூட்டு மீட்டரில் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. காளியண்ணன் அதைப் பார்த்தான். அவன் பின்னால் நின்றிருந்த முதலாளி ஆறுமுகசாமியும் பார்த்தார். அடுத்த நொடி மூடியின் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"மறுபடியுமாடா?" என்றார் முதலாளி.

"மறுபடியுந்தானுங்க" என்றான் காளியண்ணன்.

ஆறுமுகசாமி சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி. வியாழக்கிழமைதோறும் கொல்லிமலை ஏறி, தேவனூர் நாட்டில் மிளகு பேசி முடித்து, வெள்ளிக்கிழமை பிற்பகல் இறங்குவார். மலைக்கு ரோடு கிடையாது. துரைமார்கூட டோலியில்தான் போனார்கள். ஆறுமுகசாமி மட்டும் ஐம்பத்தெட்டு வயதிலும் நடந்தே ஏறி நடந்தே இறங்குவார். பெருமை வாயில் இருந்தது, வலி முழங்காலில் இருந்தது. இறங்கியதும் முள்ளுக்குறிச்சியில் இருந்த தம் மிளகுக் கிடங்குக்குள் போய், அண்டாவில் காலை வைத்து அரைமணி உட்கார்ந்து எழுந்த பிறகுதான் மனிதர்களிடம் பேசுவார்.

அவர் புறப்படும்போது கார் உறுமிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது உத்தரவு. ஐப்பசி மழை ஈரத்தில் ஒருமுறை என்ஜினை அணைத்துவிட்டால், மறுபடி கிளப்புவதற்குள் ஹாண்டில் சுற்றுகிறவனின் தோள்பட்டை கழன்றுவிடும். ஊர் கூடி வேடிக்கை பார்க்கும். அதனால் காளியண்ணன் மதியமே காரைக் கொண்டுவந்து கிடங்கு வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் விட்டுவிட்டு, குடையும் மோர்ச் செம்புமாக மலையடிவாரம் வரை நடந்து போய் முதலாளியை அழைத்து வருவான்.

ஓடும்போது அந்தக் கார் சமத்துப் பிள்ளை. நிற்கும்போதுதான் இரண்டு வாரமாகக் கொதித்தது.

"இதப் பாரு" என்றார் முதலாளி. "தீவாளி கழிஞ்ச வெள்ளிக்கெழமை நாமக்கல் சம்பந்தி எங்கூட மலையெறங்கி வாராரு. அவரு முன்னால இந்தக் கார் கொதிச்சுதோ, சாவியக் குடுத்துப்போட்டு நீ போயிரு. போயி ஏரு ஓட்டு."

ஏர் ஓட்ட மாடு வேண்டுமே! காளியண்ணன் தன் இரண்டு மயிலைக் காளைகளையும் விற்றுத்தான் சேலத்துக்குப் போய் டிரைவர் வேலை கற்றான். மிச்சத்தில் காக்கிச் சட்டையும் தொப்பியும் வாங்கினான். மனைவி ருக்குமணி இப்போது யாரிடமும் "காளியண்ணன் ஊடு" என்று சொல்வதில்லை. "டைவரு ஊடு" என்றுதான் சொல்வாள். வேலை போனால் அவனுக்குத் திரும்பிப் போக ஒரு கொட்டில்கூட இல்லை.

முதல் காரியமாக ரேடியேட்டரைத் திறந்து பார்த்தான். தண்ணீர் ஒரு குடம் குறைந்திருந்தது.

"அதானே பாத்தேன்! ஒழுகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, எவ்வளவு ஒழுகினாலும் தாங்கட்டும் என்று கழுத்துவரை தளும்பத் தளும்ப ஊற்றினான். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க, காருக்கு அடியில் அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பரப்பினான். முதலாளியை அழைத்துக்கொண்டு திரும்பியபோது கார் கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஒன்றரைக் குடம் குறைந்திருந்தது. சாம்பலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் இல்லை. ஊற்ற ஊற்ற அதிகமாகக் காணாமல் போகிறது. இதை யாரிடம் சொன்னாலும் அவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ராசிபுரத்திலிருந்து மெக்கானிக் மாணிக்கத்தைக் கூட்டிவந்தான். மாணிக்கம் காது இடுக்கில் பீடியைச் செருகிக்கொண்டு, காரை முதலாளி வீட்டு வாசலிலேயே இரண்டு மணிநேரம் ஓடாமல் உறும விட்டார். விசிறியைப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், ரப்பர் குழாயை முகர்ந்தும் பார்த்தார். முள் பச்சையை விட்டு அசையவில்லை.

"காருக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி. உங்களுக்குத்தான் காய்ச்சல் கீச்சல் இருக்குதான்னு பாருங்க."

"சத்தியமாக் கொதிக்குதுங்கண்ணா! முள்ளுக்குறிச்சியில மட்டும்."

"அப்ப முள்ளுக்குறிச்சியில நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு மாணிக்கம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாக இருக்கும், சூட்டில் மட்டும் திறந்துகொள்ளும் என்று காளியண்ணனே முடிவுக்கு வந்தான். சேலத்தில் யாரோ, ரேடியேட்டரில் மாவு போட்டால் ஓட்டை அடைபடும் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. ருக்குமணியிடம் இரண்டு படி ராகி மாவு கேட்டான்.

"எதுக்குங்க இத்தனை?"

"காருக்கு."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு அளந்து கொடுத்தாள். அன்று மாலை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்ததாகப் பின்னால் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கார் கொதித்தபோது முள்ளுக்குறிச்சித் தெரு முழுக்கக் களி கிண்டுகிற வாசனை அடித்தது. இரண்டு நாய்கள் வந்து காரின் முன்னால் உட்கார்ந்துகொண்டன. காளியண்ணன் வெட்கத்தோடு குனிந்து முதலாளிக்குச் செருப்பை எடுத்துப் போட்டான். அவர் கால் விரல்களுக்கிடையில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மலைச் சேறு என்று நினைத்து துண்டால் துடைத்துவிட்டான்.

"காருக்குக் கஞ்சி ஊத்தறயாடா நீயி?" என்று முதலாளி கேட்டார்.

இன்னும் ஒரே வாரம்தான் இருந்தது. காளியண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. கனவில்கூட அந்த முள் சிவப்புக்குப் போனது. கடைசியாக ஒரு சந்தேகம் வந்தது. யாரோ வேண்டாதவன் செய்கிற வேலை இது! டிரைவர் வேலைக்கு ஆசைப்பட்ட எவனோ, அவன் அப்பால் போகும் நேரம் பார்த்துக் காரில் கை வைக்கிறான்!

கிடங்கில் நம்பிக்கையான ஆள் பாவாயிதான். மிளகு புடைப்பது, சமைப்பது, முதலாளிக்கு வேண்டியதை எடுத்து வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கார் வந்த புதிதில் காளியண்ணன் ஊரைக் கூட்டி வைத்து ஹாரன் எது, விளக்கு எது, தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகும், எந்த வழியாக வெளியே வரும் என்று ஒரு பகல் முழுக்கப் பெருமையடித்தபோது, ஈர விறகு புகைகிற அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்று வாய் பிளந்து கேட்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள்.

"பாவாயக்கா, இன்னைக்கு என் பொழப்பே உங்க கையில இருக்குதுங்க" என்றான் அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை. "நான் முதலாளியக் கூட்டியார வரைக்கும் காருகிட்ட ஒரு ஈ காக்கா அண்டப்படாது."

"நானிருக்கறப்ப எவன் வருவானுங்க? போயிட்டு வாங்க சாமி, நான் பாத்துக்கறேன்."

பாவாயி முறத்தோடு காரின் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டாள். காளியண்ணன் இத்தனை நாளில் முதல்முறையாக நிம்மதியோடு மலையடிவாரத்துக்கு நடந்தான். என்ஜின் நன்றாக உறுமிப் பழகட்டும் என்று வழக்கத்தைவிட ஒரு மணிநேரம் முன்னதாகவே காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

முதலாளியும் சம்பந்தியும் முனகிக்கொண்டே இறங்கி வந்தார்கள். நாமக்கல்காரரின் முழங்காலும் முதலாளியின் முழங்காலுக்குச் சளைத்ததில்லை. இருவரும் கிடங்குக்குள் போய் உட்கார்ந்தார்கள். பாவாயி எழுந்து உள்ளே ஓடினாள்.

"யாராச்சும் வந்தாங்களாக்கா?"

"ஒருத்தருமில்லீங்க. இந்நேரம் வரைக்கும் நான் கெடங்கத் தாண்டி நகரவே இல்ல" என்று அவள் உள்ளேயிருந்து சொன்னாள்.

காரிலிருந்து ஆவியும் கிளம்பவில்லை. அவனுக்குத் தெம்பு வந்தது. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பெரியவர்கள் வரும்போது கதவைத் திறந்து பிடிக்க வேண்டுமென்று காரின் பக்கத்தில் விறைப்பாக நின்றான். அரைமணி கழித்து இருவரும் துண்டால் கால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அப்போது கார் கொதிக்கவில்லை. கொதிக்க அதில் ஏதாவது இருந்தால்தானே! முள் சிவப்பைத் தாண்டி அதற்கப்பால் போய் நின்றது. என்ஜினுக்குள் "கடக்" என்று ஒரு சத்தம், பிறகு "கிறீச்" என்று இன்னொன்று, அப்புறம் நீலப் புகை. மூன்று மாதமாக உறுமிய கார் ஊமையாகிவிட்டது.

காளியண்ணன் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான். அது இம்மியும் அசையவில்லை. தொங்கிப் பார்த்தான், ஏறி மிதித்தும் பார்த்தான். அவன் தொப்பி கழன்று சேற்றில் விழுந்தது.

"எங்க ஊர்ல இன்னும் மாட்டு வண்டிதானுங்க" என்றார் சம்பந்தி மெதுவாக. "அது கொதிக்கறதே இல்ல."

முதலாளியின் முகம் கறுத்தது. அவர் கத்தியிருந்தாலாவது தேவலை. கையை மட்டும் நீட்டினார். காளியண்ணன் சாவியை அந்தக் கையில் வைத்தான். காளைகள் போயின, கார் போயிற்று, டிரைவர் வீடும் போயிற்று. ருக்குமணியிடம் என்ன சொல்வது? சேற்றில் கிடந்த தொப்பியை எடுக்கக் குனிந்தான். அப்படியே உட்கார்ந்து, வளர்ந்த ஆள் என்றும் பாராமல் அழுதான்.

உள்ளேயிருந்து பாவாயி வந்தாள். இடுப்பில் ஒரு வெறும் குடம், முகத்தில் கொஞ்சம் மனத்தாங்கல்.

"ஏனுங்க டைவரு, அழுகறத அப்பறம் பாத்துக்கலாமுங்க. ஐயாவுக்குக் காலு வெக்கறதுக்கு வாராவாரம் நீங்க காட்டிக் குடுத்த காருக் குழாயிலதான் சுடுதண்ணி புடிக்கறேன், இன்னைக்கு என்னன்னா ஐயா அண்டா நெறையறதுக்குள்ளயே நின்னுபோச்சு, சம்பந்தி ஐயாவுக்கு ஈர வெறகுல காய்ச்சிக் கண்ணே போச்சுங்க எனக்கு, அத என்னன்னு கொஞ்சம் பாருங்க!"